உப்பு தேவையான அளவு

பொழுதுபோக்கு என்ற சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பொழுது ஏதோ உடம்பில் ஒட்டிய சேறு போலவும், அதை எப்படியாவது போக்கிவிட்டு எழுந்தால் போதும் என்பது போலவும் ஒரு தொனி அதில் ஒலிக்கிறது. இலக்கிய நண்பர்கள் கூடுமிடத்தில் என் பொழுதுபோக்குகளை யாராவது விசாரித்தால் சற்றுத் தயங்கித்தான் சொல்வேன். பலகை ஆட்டங்கள், லினக்ஸ் மென்பொருட்கள், பெருநிறுவனங்களைச் சாராமல் நாலைந்து பேர் கூடிச் செய்கிற கணினி விளையாட்டுகள். கேட்டவர் முகத்தில் ஒரு கனிவான புன்னகை அரும்பும். நாற்பதைத் தொட்ட ஆள் இன்னும் சோழி உருட்டிக்கொண்டிருக்கிறானே என்கிற கனிவு அது. “மூன்றுக்கும் என்ன ஓய் சம்பந்தம்?” என்று ஒரு கவிஞ நண்பர் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி யோசித்தபோது அவை மூன்றல்ல, ஒரே ருசிதான் என்று பட்டது. அந்த ருசி எனக்கு மரக்காணத்து உப்பளத்தில் வாய்த்தது என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். சாலையோரம் கட்டம் கட்டமாகப் பாத்திகள், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்கள், வந்து முடியும் பக்கிங்காம் கால்வாய், அப்பால் கழுவேலி ஏரியின் தகடான நீர்ப்பரப்பு. வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் பார்ப்பது தை பிறந்து புரட்டாசி வரையிலான மரக்காணத்தை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். வேலை கிடையாது, கூலி கிடையாது. தை வரும்வரை ஊர் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊரில் பொழுது என்பது அந்த மாதங்களில் உண்மையாகவே போக்கவேண்டிய ஒன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஆட்டங்கள் வெளியே வரும். உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகையின் சிமென்ட் தரையில் ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகளை யாரோ எப்போதோ ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலிக்குக் கரித்துண்டு, ஆட்டுக்கு உப்புக் கல். வெட்டுப்பட்ட ஆட்டைச் சிலர் வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு. இந்த ஆட்டத்தின் அழகு, இரு தரப்பும் சமமில்லை என்பதில் இருக்கிறது. புலி தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. அது செய்யக்கூடியதெல்லாம் நெருங்கி நெருங்கி நின்று, புலி நகர இடமில்லாமல் அடைப்பது ஒன்றுதான். ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் களத்தில் இறங்கும். 15ம் இறங்கி முடியும்வரை இறங்கியது எதுவும் நகரக்கூடாது. ஆகவே ஆட்டுக்காரன் பொறுமையிழந்தால் தீர்ந்தது. இன்றைய பலகை ஆட்ட ரசிகர்கள் சமச்சீரற்ற ஆட்டம் என்று ஒரு தனி வகை பிரித்துச் சிலாகிக்கிறார்கள். எங்கள் கொட்டகைக் கிழவர்கள் அதை ஆணியால் கீறி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பக்கம் பல்லாங்குழி. 14 குழி, புளியங்கொட்டை அல்லது சோழி. எங்கள் ஆயா ஆடினால் ஒரு குழியில் 4 காய் சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வாள். திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி, பசு உண்டுதான், ஆனால் அதை எப்போது அள்ளலாம் என்பதில் எங்கள் ஊரில் வேறு கணக்கு என்பாள். ஒரு மாலை முழுக்க ஆட்டம் நடக்காமல் சட்டம் மட்டும் பேசிக் கழிந்ததை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் “இன்னிக்கு உங்க ஊரு ஆட்டம், நாளைக்கு எங்க ஊரு ஆட்டம்” என்று தீர்ப்பாகும். சிறுவனாக இருந்த எனக்கு அப்போது அந்தச் சண்டை அலுப்பாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்க்கையில், ஆட்டத்தைவிட அந்தச் சண்டைதான் எனக்குக் கல்வி என்று தோன்றுகிறது. ஆட்டத்துக்கு விதி உண்டு, அந்த விதி ஆடுகிறவர்களின் கையில் இருக்கிறது, கூடிப் பேசினால் மாற்றலாம் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாத இரண்டு பெண்கள்.

இது ஏதோ எங்கள் ஊர் விசேஷம் என்று நான் பெருமை பேசவில்லை. கீழடியில் பகடையும் ஆட்டக் காய்களும் சில்லுகளும் மண்ணுக்கடியிலிருந்து வந்திருக்கின்றன. பழைய கோயில் மண்டபங்களில் குனிந்து பார்த்தால் தரைக் கல்லில் ஆட்டக் கோடுகள் தெரியும். சென்னையில் 2002இல் தொடங்கப்பட்ட க்ரீடா நிறுவனம் பல்லாங்குழியையும் தாயத்தையும் ஆடு புலியையும் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. அவர்களுடைய பெட்டிகளைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியும் லேசான கவலையும் ஒருசேர வரும். பெட்டிக்குள் விதிகள் அச்சடித்த ஒரு தாள் இருக்குமல்லவா? அதைப் படித்து ஆடும் பிள்ளைகளுக்குச் சித்தியோடு சண்டை போடும் வாய்ப்பு கிடைக்குமா என்பதுதான் கவலை.

அச்சடித்த விதிக்கு என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெருங்கதை இருக்கிறது. எலிசபெத் மேகி என்ற பெண்மணி ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்று ஒன்றை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்று காட்டுவது அவர் நோக்கம். இரண்டு வகை விதிகள் வகுத்திருந்தார். ஒன்றில் ஒருவர் வெல்ல மற்றவர் அழிவார்கள். மற்றொன்றில் ஒருவருடைய செழிப்பில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். மக்கள் கையால் பலகை வரைந்து, தங்கள் ஊர்த் தெருப் பெயர்களை எழுதிக்கொண்டு முப்பதாண்டு காலம் அதை ஆடினார்கள். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதன் ஒரு வடிவத்தை இன்னொருவரிடமிருந்து வாங்கி மோனாப்பலி என்று விற்றது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். செழிப்பில் பங்குதரும் அந்த இரண்டாவது விதி வழக்கொழிந்து போயிற்று. நம் வீடுகளில் பம்பாயும் மதராஸும் போட்டு ஆடிய ‘வியாபாரம்’ அந்த மிச்சத்தின் பேரப்பிள்ளைதான்.

நான் புதிய ஆட்டங்களுக்கு எதிரியல்ல. ஜெர்மானியர் க்ளாஸ் டொய்பர் 1995இல் வெளியிட்ட ‘கட்டான்’ எனக்கு மிகப் பிடித்த ஆட்டம். தீவில் குடியேறி, மரமும் செங்கல்லும் ஆட்டுமயிரும் தானியமும் தாதுவும் பண்டமாற்றுச் செய்து வீடு கட்டவேண்டும். உப்பு கிடையாது! அந்தக் குறையை எங்கள் வீட்டில் நிவர்த்தி செய்துவிட்டோம். ஆட்டுமயிர்ச் சீட்டை உப்பு என்று வைத்துக்கொள்வோம். மூல விதிப்படி பகடையில் 7 விழுந்தால், கையில் 7 சீட்டுக்குமேல் வைத்திருப்பவர் பாதியை இழக்கவேண்டும், கொள்ளைக்காரன் வருவான். எங்கள் பதிப்பில் 7 விழுந்தால் மழை. குவித்து வைத்தவனின் உப்பு முதலில் கரையும். ஒரு வரி விதியை மாற்றியதும் அந்த ஜெர்மன் தீவு மரக்காணமாகிவிட்டது. ஆட்டம் அதை அனுமதித்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

*

லினக்ஸுக்கு வருகிறேன். 2006இல் எங்கள் ஊர்த் தபால்காரர் ஓர் அட்டை உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெளிநாட்டுத் தபால்தலை. உள்ளே உபுண்டு 6.06 குறுவட்டுகள். அந்நாட்களில் கேட்டவர்க்கெல்லாம் உபுண்டு குறுவட்டுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு 2011இல் நின்றுபோனது. திண்டிவனத்து இணைய மையத்தில் அமர்ந்து முகவரி கொடுத்துவிட்டு வந்திருந்தேன், வரும் என்று நம்பவில்லை. அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடா இது, துட்டு வாங்காம சும்மாவா அனுப்பறான்?”

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய க்னூ, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதிய கருநிரல் என்றெல்லாம் நான் அடுக்கியதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: “கடல் தண்ணி மாதிரின்னு சொல்லு. தண்ணி சும்மா. கட்டி வச்சு வார்றதுக்குத்தான் கூலி.”

கட்டற்ற மென்பொருளின் பொருளாதாரத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடல்நீர் 3, 3½ டிகிரி அடர்த்தியில் வாய்க்கால் வழி வருகிறது. பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும். 30ஐ நெருங்கவிட்டால் கசப்பு ஏறும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். மானி இல்லாமலே நீரின் நிறத்தை வைத்து இதைச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். இதில் ரகசியம் என்று எதுவுமில்லை. வேலை செய்கிறவனுக்கு வேலை முழுவதும் தெரியும். பொதுவில் கிடக்கும் இந்த நீரிலிருந்து உப்பெடுக்கக் கூடாது என்று பூட்டுப்போட்ட சட்டத்தை மீறத்தான் 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். மென்பொருளுக்கும் உப்புக்கும் முடிச்சுப்போடுவது மிகையாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் அது புரிந்தது.

அந்தக் குறுவட்டை நிறுவியதும் எல்லாம் சுகமாக ஓடியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒலி வரவில்லை. தமிழ் எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடந்தது. வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஆனால் அந்த மல்லுக்கட்டில் ஒருநாள், ஒரு சிறிய சீட்டு விளையாட்டின் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறக்க நேர்ந்தது. சீட்டைக் குலுக்குவதற்கு யாரோ அகராதியைப் பார்த்து ‘மறுசீரமை’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் திண்ணையில் யாரும் சீட்டை மறுசீரமைத்ததில்லை. ‘கலைத்துப் போடு’ என்று திருத்தி அனுப்பினேன். சில மாதங்கள் கழித்து வந்த அடுத்த பதிப்பில் அது இருந்தது. இரண்டே சொற்கள். பத்திரிகையில் முதல் கதை அச்சானபோது வந்த படபடப்புக்கு அது சற்றும் குறைந்ததல்ல. கேடிஈ, க்னோம் முதலிய பணிமேடைகளைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் இப்படித்தான் கனடாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இருந்துகொண்டு, சம்பளமில்லாமல், ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் வாதாடி உழைத்தார்கள். ஆயாவும் சித்தியும் போட்ட அதே சண்டைதான். தமிழ் இலக்கியச் சூழலில் இவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் நெடுநாள் குறை.

எதிர்க்கட்சியையும் கேட்கவேண்டும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் பகுதிப் பையன்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் வேலையாக அழித்துவிட்டு அந்த இடத்தில் படங்களை ஏற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அந்த ஆளாக இருப்பது விழுப்புரம் க்னூ லினக்ஸ் பயனர் குழு. பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி கற்றுத்தருகிறார்கள். ‘கணியம்’ இதழ் 2012இலிருந்து தமிழில் இந்த விஷயங்களை எழுதிவருகிறது. ஆரவாரமில்லாத வேலை. விதியைக் கற்றுக்கொடுக்கும் ஆயாக்களின் வேலை.

*

மூன்றாவது ருசியில் ஒரு முரண்பாடு இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிறு குழுக்கள் செய்யும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலநிரல் கிடைக்காது. விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். பல விளையாட்டுகள் லினக்ஸுக்கென்று வெளிவருவதுமில்லை. புரோட்டான் என்ற இடையாளை வைத்துத்தான் ஓட்டவேண்டும். பின் ஏன் இவற்றை அந்த ஒரே ருசியில் சேர்க்கிறேன்? காரணம் ‘வெண்பா’.

டொராண்டோவிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதியர், அவர்களுக்கு அங்கே பிறக்கும் மகன், மெல்ல மெல்ல அவன் நாவிலிருந்து விலகிப்போகும் தமிழ். சுடுவதில்லை, துரத்துவதில்லை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்து, மையழிந்து கிடக்கிறது. இருக்கும் சில வரிகளையும் படங்களையும் வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, எதை முதலில் போடுவது என்று நாம்தான் ஊகித்து முடிக்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் அந்த ஆண்டின் சுயாதீன விளையாட்டு விழாவில் முதன்மைப் பரிசும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன.

விருதுக்காக நான் அதைச் சொல்லவில்லை. அந்தக் கிழிந்த ஏடு ஒரு மூலநிரல். பாதி தொலைந்த மூலநிரல். அதைக் கையில் வைத்திருப்பவள் அதில் கைவைத்துத் திருத்தி, தன் சமையலாக்கி, அடுத்தவனுக்குக் கொடுக்க முயல்கிறாள். பெருநிறுவனம் நூறு கோடி போட்டுச் செய்யும் விளையாட்டில் இட்லித் தட்டின் துளைகளைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. நாலைந்து பேர் செய்யும்போது ஒவ்வொரு முடிவிலும் ஒரு கை தெரிகிறது. நிரல் மூடியிருந்தாலும் மனிதர் மூடப்படவில்லை.

*

இதையெல்லாம் எழுதத் தூண்டியது வேறொரு விஷயம். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, உப்பளத்தில் வேலை செய்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், அடுத்த பருவத்துக்கென்று வாங்கிய முன்பணம் முழுவதையும் கைபேசியில் சீட்டாடித் தொலைத்துவிட்டான். அந்தப் பருவம் முழுக்கக் கூலியில்லாமல் உப்பு வாரினான். “ஆரம்பத்துல ஜெயிச்சுட்டுத்தாண்ணா இருந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எதிரில் ஆடியது யார் என்று கேட்டேன். தெரியாது. சீட்டைக் கலைத்தது யார்? தெரியாது. வீட்டுத் திண்ணையில் எதிராளி சீட்டைக் கலைக்கும்போது கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் அவன்.

சூதாட்டம் கைபேசியோடு வந்ததல்ல. எங்கள் ஊர்ப் புளியமரத்தடியிலும் காசு வைத்து ஆடியிருக்கிறார்கள், குடும்பங்கள் அழுதிருக்கின்றன. பழைய ஆட்டமெல்லாம் புனிதம் என்று நான் சொல்லவில்லை. பல்லாங்குழியிலேகூட, முதல் சுற்றில் தோற்றவர் தன் குழிகளை நிரப்பக் காயில்லாமல், சில குழிகளை மூடிவைத்துவிட்டுத்தான் அடுத்த சுற்றை ஆடவேண்டும். இல்லாதவனை மேலும் இல்லாதவனாக்கும் கணக்கு அதிலும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு இருவர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. தருமன் தோற்றது சூதாடியதால் மட்டுமல்ல, பகடை என்ன செய்யும் என்பது சகுனிக்கு மட்டும் தெரிந்திருந்ததால். இன்று சகுனிக்கு முகம் இல்லை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடை மசோதா 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று விலக்கு அளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. திறனா, அதிர்ஷ்டமா என்பதுதான் அத்தனை வாதங்களின் மையமாக இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. தாயம் முழுக்க அதிர்ஷ்டம் கலந்த ஆட்டம், அது யாரையும் தெருவில் நிறுத்தியதில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்த ஆட்டத்தின் விதியை ஆடுகிறவன் பார்க்க முடியுமா? பிடிக்காவிட்டால் நாலு பேர் கூடி மாற்ற முடியுமா? குறைந்தபட்சம், இதைச் செய்தவன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்பது பதிலானால், அங்கே நாம் ஆடுகிறவர்கள் அல்ல, காய்கள். தடை வேண்டியதுதான். ஆனால் தடைச்சட்டம் தம்பிக்கு ஐப்பசி மாதத்துப் பொழுதைத் திருப்பித் தராது. அந்த வெற்றிடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதில்தான் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்குக் கடமை இருக்கிறது.

நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. சென்ற மழைக்கு ஊருக்குப் போயிருந்தபோது கட்டான் பெட்டியையும் பழைய மடிக்கணினி ஒன்றையும் எடுத்துப்போனேன். மூன்றாம் நாள் தம்பி கட்டானில் மழை விதியை எதிர்த்து வாதாடினான். “குமிச்சு வச்ச உப்பு பாதி கரையாதுண்ணா, கீத்து போட்டு மூடியிருந்தா கரையாது. மூடறதுக்கு ஒரு சீட்டு வையி.” ஒரு மரச் சீட்டைச் செலவழித்தால் உப்புக்குக் கீற்று போட்டதாகக் கணக்கு என்று விதி சேர்ந்தது. அதன்பின் அவன்தான் ஜெயித்தான்.

அந்த இரவு வெண்பாவை ஓடவிட்டு சித்திக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். கிழிந்த ஏட்டைப் பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கும் என்று யோசிக்க என்ன இருக்கிறது என்று சிரித்தாள். எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதானே. உப்பு தேவையான அளவு. தேவை எவ்வளவு என்று எழுதியவர் சொல்லவில்லை, அதை ஆக்குகிறவள் கைக்கு விட்டுவிட்டார். எனக்குப் பிடித்த ஆட்டங்களிலும் மென்பொருளிலும் நான் தேடுவது அந்தக் கடைசி வரியைத்தான் என்று கவிஞ நண்பருக்கு இப்போது சொல்லத் தெரிகிறது.